கழித்தல் குறியில் மறையும் கடன்

இந்தியக் கனரகத் தொழில்களின் நடைமுறை மூலதன மேலாண்மை குறித்து வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு நிலைத்த வடிவம் ஒன்று உண்டு. உருக்கு, சிமெண்ட், மின்கருவிகள், கனரகப் பொறியியல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஐந்தாறு நிறுவனங்களின் பத்தாண்டு ஆண்டறிக்கைகளைத் திரட்டுவது. சரக்கிருப்பு நாட்கள், வரவேண்டிய கடன் நாட்கள், கொடுக்கவேண்டிய கடன் நாட்கள் என மூன்று எண்களைக் கணக்கிடுவது. அவற்றை இலாப விகிதத்தோடு பொருத்திப் பார்ப்பது. இறுதி இயலின் பரிந்துரையும் பெரும்பாலும் ஒன்றே: சரக்கிருப்பைக் குறையுங்கள், வசூலை விரைவுபடுத்துங்கள், கொடுக்கவேண்டியதை இயன்றவரை தள்ளிப்போடுங்கள், இலாபம் உயரும்.

முதலிரு பரிந்துரைகளும் விவாதத்துக்குரியவை. மூன்றாவது அப்படியன்று. குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிய பொருளுக்கான விலையை, எழுத்துவழி ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளிலும், ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மிகாமலும் கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் பணிக்கிறது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. அது மாதந்தோறும் அசலோடு சேரும். அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் இயலாது. கனரக ஆலைகளுக்கு வேண்டிய வார்ப்பு, கடைசல், பற்றவைப்பு வேலைகளைச் செய்து கொடுப்போருள் பலர் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் சிறு பட்டறைக்காரர்கள். எனவே, யாருக்குரிய பணத்தை என்ற வரையறையின்றி 'தள்ளிப்போடுங்கள்' என எழுதுவது, சட்டத்தை மீறச் சொல்லும் அறிவுரை. ஆய்வேட்டில் அது நெறியாளரின் கையொப்பத்தோடு நூலகத்தில் இடம்பெறுகிறது.

இந்தப் பிழையின் ஊற்று ஒரு சூத்திரத்தில் இருக்கிறது. 1980-இல் ரிச்சர்ட்ஸ், லாஃப்லின் இருவரும் எழுதிய கட்டுரையின்வழிப் பரவிய 'ரொக்க மாற்றுச் சுழற்சி' என்னும் அளவுகோல், மூலப்பொருளுக்காகக் கையைவிட்டுப் போன பணம் விற்பனையின் வழியே மீண்டும் கைக்கு வர எத்தனை நாட்கள் ஆகின்றன என்று கேட்கிறது. சரக்கிருப்பு நாட்களோடு வரவேண்டிய கடன் நாட்களைக் கூட்டு; கொடுக்கவேண்டிய கடன் நாட்களைக் கழி. விடை சிறியதாக இருந்தால் மேலாண்மை நன்று. நிறுவனத்தின் பணப்பெட்டியை மட்டும் கண்காணிக்கும் நிதி அலுவலருக்கு இது பயனுள்ள கருவி. ஒரு தொழில்துறையின் திறனை அளக்கப் புகும் ஆய்வாளருக்கு இதே கருவி கண்ணைக் கட்டிவிடுகிறது.

ஓர் ஆலையில் சரக்கிருப்பு 90 நாட்கள், வரவேண்டிய கடன் 80 நாட்கள், கொடுக்கவேண்டிய கடன் 60 நாட்கள் எனக் கொள்ளலாம். சுழற்சி 110 நாட்கள். இதை 80 ஆக்க மூன்று வழிகள் உள்ளன. உற்பத்தி வரிசையைச் சீரமைத்து, பாதியில் நிற்கும் வேலைகளை முடித்து, சரக்கிருப்பை 30 நாள் குறைக்கலாம். வாடிக்கையாளரிடம் 30 நாள் முன்னதாக வசூலிக்கலாம். அல்லது பட்டறைக்காரரின் பட்டியலை மேசையிலேயே இன்னும் 30 நாள் கிடத்தி வைக்கலாம். சூத்திரத்தின் பார்வையில் மூன்றும் ஒன்றே. முதல் வழியில் நாட்டின் வளம் மிச்சமாகிறது. யாரும் எதையும் இழப்பதில்லை. மூன்றாம் வழியில் எதுவும் மிச்சமாவதில்லை. ஒருவருடைய சுமை மற்றொருவர் தோளுக்கு மாறுகிறது. முன்னதைத் திறன் என்றும் பின்னதை இடமாற்றம் என்றும் பிரித்தறியச் சூத்திரத்திலுள்ள கழித்தல் குறியால் முடியாது. பிரித்தறிய வேண்டியவர் ஆய்வாளர்.

சொற்களும் இந்த மறைப்புக்குத் துணைபோகின்றன. 'கொடுபடு நாட்கள் நீட்டிக்கப்பட்டன' என்னும் செயப்பாட்டு வாக்கியத்தில் நீட்டித்தவரும் இல்லை, காத்திருந்தவரும் இல்லை. நாட்கள் தாமே நீண்டதுபோல் தோன்றுகிறது. தமிழ்க் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் இவ்வாறு காத்திருப்பவருக்குக் 'கடனீந்தோர்' என்று பெயரிட்டிருக்கின்றன. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் கேட்பவரின் நிலையை வைத்துத் தொல்காப்பியம் பிரிக்கிறது: தன்னினும் உயர்ந்தவரிடம் கேட்பவர் 'ஈ' என்பார், ஒத்தவரிடம் 'தா' என்பார், தாழ்ந்தவரிடம் 'கொடு' என்பார். அந்த இலக்கணப்படி 'ஈந்தோர்' உயர்ந்த இடத்தில் இருப்பவர். பெற்றவரே பணிந்து நிற்கவேண்டியவர். இந்தியத் தொழில் நடைமுறையில் ஈந்தவரே கொள்முதல் அலுவலகத்தின் வராந்தாவில் நிற்கிறார். அவர் கடன் கொடுக்கத் தீர்மானித்தவரும் அல்லர். பொருளைக் கொடுத்தார், விலை வரவில்லை. வராத விலைக்குக் கணக்கேடு 'கடன்' என்று பெயர் சூட்டியது.

அந்தக் கடனின் விலை என்ன என்பதை எளிய கணக்கொன்று காட்டும். ஒரு பெரு நிறுவனம் சிறு பட்டறையிடம் ஒரு கோடி ரூபாய்க்குப் பொருள் வாங்கி, 45 நாளில் கொடுக்கவேண்டியதை 150 நாளில் கொடுக்கிறது எனக் கொள்வோம். பெரு நிறுவனத்துக்கு வங்கிக் கடன் 8 விழுக்காட்டு வட்டியிலும், பட்டறைக்கு 12 விழுக்காட்டு வட்டியிலும் கிடைக்கட்டும். 105 நாள் தாமதத்தால் பெரு நிறுவனம் மிச்சப்படுத்தும் வட்டி ஏறத்தாழ 2.30 லட்சம் ரூபாய். அதே 105 நாளுக்குப் பட்டறை கட்டும் வட்டி ஏறத்தாழ 3.45 லட்சம் ரூபாய். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1.15 லட்சம் ரூபாய் வீண். மலிவாகப் பணம் பெறக்கூடியவர், அதிக வட்டிக்குப் பணம் பெறுபவரின் கையால் தமது தொழிலை நடத்துகிறார். ஆய்வேடு பெரு நிறுவனத்தின் 2.30 லட்சத்தை மட்டும் எண்ணி அதற்கு 'இலாபத்திறன்' என்று பெயர் வைக்கிறது. மறுபக்கத்து 3.45 லட்சம் மாதிரிக்குள் வருவதே இல்லை. அந்தப் பட்டறை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதன்று.

சரக்கு மற்றும் சேவை வரி இச்சுமையை மேலும் கூட்டுகிறது. 18 விழுக்காட்டு வரிக்குரிய ஒரு பொருளுக்குப் பட்டியல் எழுதிய பட்டறைக்காரர், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அவ்வரியை அடுத்த மாதமே அரசுக்குக் கட்டவேண்டும். வாங்கிய நிறுவனமோ, விலையைக் கொடுக்குமுன்பே அந்த வரிக்கு உள்ளீட்டு வரவு எடுத்துக்கொள்ளலாம். 180 நாளுக்குள் விலையைக் கொடுக்கத் தவறினால் மட்டுமே அதை வட்டியோடு திருப்பவேண்டும். அதாவது, சிறியவர் தம் கையிலிருந்து கட்டிய வரியும் சில மாதங்களுக்குப் பெரியவரின் நடைமுறை மூலதனமாகிவிடுகிறது. விகிதங்களைக் கணக்கிடும் எந்த அட்டவணையிலும் இந்த நகர்வுக்கென ஒரு வரி இல்லை.

இனி, புள்ளியியலுக்கு வரலாம். தாமதித்துக் கொடுப்பதால் இலாபம் உயரும் என்பதற்கு ஆய்வுலகம் சான்று தருகிறதா? இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்று, மார்க் டெலூஃப் 2003-இல் வெளியிட்டது. 1992 முதல் 1996 வரையிலான காலத்துக்கு 1,009 பெல்ஜிய நிறுவனங்களை ஆராய்ந்த அவர், கொடுக்கவேண்டிய கடன் நாட்கள் நீண்ட நிறுவனங்களில் இலாபம் குறைவாக இருப்பதையே கண்டார். அதற்கு அவர் தந்த விளக்கமும் தெளிவானது: இலாபம் குன்றிய நிறுவனங்கள் கடனைத் தீர்க்க அதிக நாட்கள் எடுத்துக்கொள்கின்றன. கராச்சிப் பங்குச் சந்தையின் 94 நிறுவனங்களை 1999 முதல் 2004 வரை ஆராய்ந்து 2007-இல் வெளிவந்த ஆய்வும் இதே திசையிலான தொடர்பையே காட்டியது. டெலூஃபை முன்னாய்வு இயலில் மேற்கோள் காட்டிவிட்டு, பரிந்துரை இயலில் 'கொடுப்பதைத் தள்ளிப்போடுக' என்று எழுதுவோர் அவரைப் படித்தார்களா, பட்டியலில் சேர்த்தார்களா என்பது கேட்கத்தக்க கேள்வி. தாமதம் இலாபத்துக்குக் காரணமன்று. பல இடங்களில் இலாபமின்மையின் அறிகுறி. காய்ச்சலில் உடல் சுடுவதைப் பார்த்துவிட்டு, உடலைச் சூடேற்றினால் நலம் வரும் என்று மருந்தெழுதுவதற்கு இது ஒப்பாகும்.

கனரகத் தொழிலில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. நாட்கள் என்னும் எண்ணின் கீழ்ப்பகுதியில் விற்பனையோ விற்ற சரக்கின் அடக்கவிலையோ நிற்கிறது. உருக்கின் விலை ஏறும் ஆண்டில் விற்பனைத் தொகை உயர்கிறது; நாட்கள் தாமே குறைகின்றன; இலாபமும் உயர்கிறது. விலை வீழும் ஆண்டில் மூன்றும் தலைகீழாகின்றன. இந்திய உருக்காலைகள் தமக்கு வேண்டிய கோக்கிங் நிலக்கரியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கின்றன. உக்ரைன் போர் தொடங்கியபின், 2022 மார்ச்சில் அதன் விலை டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதம் பலவகை உருக்குப் பொருட்களின் ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு 15 விழுக்காடு வரி விதித்து, நவம்பரில் நீக்கிக்கொண்டது. விலையேறிய நிலக்கரி கிடங்கில்; வரியால் தடைப்பட்ட உருக்கு முற்றத்தில். அவ்வாண்டில் சரக்கிருப்பு கூடி இலாபம் சரிந்ததைக் காணும் பின்னடைவுச் சமன்பாடு, 'சரக்கு மேலாண்மைக் குறைபாட்டால் இலாபம் குறைந்தது' என்று அறிவிக்கும். போரையும் அரசிதழ் அறிவிக்கையையும் கிடங்கு மேலாளரின் கணக்கில் எழுதும் முறை இது.

கனரகத் தொழிலை மற்றத் தொழில்களின் முழக்கோலால் அளக்க இயலாது என்பது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1974-இல் ரிசர்வ் வங்கி அமைத்த தாண்டன் குழு, வங்கிக் கடனுக்காகப் பதினைந்து தொழில்களுக்குச் சரக்கிருப்பு, வரவேண்டிய கடன் ஆகியவற்றின் வரம்புகளை வகுத்தபோது, கனரகப் பொறியியலை அந்த வரையறைக்கு வெளியே வைத்தது. ஒரு கொதிகலனோ சுழலியோ வார்ப்பிலிருந்து இயக்கம்வரை செல்ல ஆண்டுகள் ஆகலாம். விலையின் ஒரு பகுதி முன்பணமாகவும், ஒரு பகுதி வேலை முன்னேறுந்தோறும், எஞ்சியது இயந்திரம் ஓடிக் காட்டிய பின்னரும் வரும். வாடிக்கையாளர் நிலம் கையகப்படுத்துவதில் சுணங்கினால் வரவேண்டிய கடன் நாட்கள் கூடும். அதை நிதி மேலாளரின் திறமைக் குறைவு என்று அளப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய வங்கியாளர்களே தயங்கினார்கள். இன்றைய ஆய்வேடுகளில் அந்தத் தயக்கம் அரிது.

இங்கே எழக்கூடிய மறுப்பு ஒன்று நியாயமானது. பெரு நிறுவனமும் காத்திருக்கிறதே. அதற்கு வரவேண்டியது வராதபோது கீழே எப்படிக் கொடுக்கும்? மின்துறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2022 ஜூன் நிலவரப்படி மாநில மின்பகிர்மான நிறுவனங்கள் மின்னுற்பத்தியாளர்களுக்கு வைத்திருந்த பழைய பாக்கி ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி ரூபாய். பகிர்மானம் உற்பத்தியாளருக்குக் கொடுக்கவில்லையெனில், உற்பத்தியாளர் கருவி செய்பவருக்கும், அவர் பட்டறைக்காரருக்கும் தாமதிக்கிறார். ஆனால் இந்தச் சங்கிலி ஆய்வேடுகளின் கூற்றுக்கு வலுச் சேர்ப்பதில்லை, அதைத் தகர்க்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் 'கொடுக்கவேண்டிய நாட்களை நீட்டுக' என்ற அறிவுரையே செயல்பட்டிருக்கிறது. எல்லாரும் அதைப் பின்பற்றினால் எல்லாருடைய வரவேண்டிய நாட்களும் நீளும். ஒரு நிறுவனத்துக்கு உகந்த அறிவுரை, துறை முழுவதற்கும் பொருத்தும்போது தன்னையே விழுங்குகிறது.

அந்தப் பாக்கி குறைந்த விதமும் கவனிக்கத்தக்கது. 2022 ஜூனில் வந்த தாமதக் கட்டண விதிகள் பழைய பாக்கியைத் தவணையாக்கின. தவறும் பகிர்மான நிறுவனம் மின்சந்தையில் குறுகியகால மின்சாரம் வாங்குவதைத் தடுத்தன. ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில், 2023 ஆகஸ்டுக்குள், பழைய பாக்கி ஏறத்தாழ 70,000 கோடியாக, அதாவது பாதியாகக் குறைந்தது. பல்லாண்டு நிதி மேலாண்மைக் கருத்தரங்குகள் செய்யாததை, மின்சாரம் நின்றுவிடும் என்னும் அச்சம் செய்தது. வரவேண்டிய கடன் நாட்களைத் தீர்மானிப்பது மேலாண்மைத் திறனைவிடப் பேர வலிமையும் சட்டத்தின் பல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

பட்டறைக்காரரிடம் அப்படியொரு பல் இல்லை. மும்மடங்கு வட்டியைக் கேட்கச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. கேட்டால் அடுத்த வேலை ஆணை வராது. திருச்சி, ராஞ்சி, பிலாய், ரூர்கேலா எனக் கனரக ஆலைகளைச் சுற்றி வளர்ந்த துணைத் தொழிற்கூடங்களில் பலவும் ஒரே வாடிக்கையாளரின் வரைபடத்துக்கென்றே இயந்திரம் வாங்கியவை, ஆள் பயிற்றியவை. 45 நாள் கணக்கும் பொருள் ஏற்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆய்வாளர் வந்து பார்த்து முத்திரையிடும்வரை முடிந்த பொருள் பட்டறையிலேயே கிடந்தால், கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு கூறைச் சேர்த்தது: குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம். அந்தக் கூறு வந்தவுடன், பெரியவர்கள் பதிவில்லாத பட்டறைகளைத் தேடிப்போவார்களோ என்ற அச்சம் சிறியவர்களிடையேதான் எழுந்தது. பாதுகாப்பே பயமாக மாறும் அளவுக்குப் பேரம் சாய்ந்திருக்கிறது.

சங்கிலியின் கடைசிக் கண்ணியில் தொழிலாளி நிற்கிறார். 1958-இல் நிறுவப்பட்டு, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் நகரும் பீடத்தைச் செய்து கொடுத்த ராஞ்சி கனரகப் பொறியியல் கழகத்தின் ஊழியர்கள் 2023-இல் மாதக்கணக்கில் ஊதியமின்றிக் காத்திருந்த செய்தியை நாடறியும். கொடுக்கப்படாத ஊதியமும் இருப்புநிலைக் குறிப்பில் ஒரு நடைமுறைப் பொறுப்பே. நடைமுறைச் சொத்துகளிலிருந்து நடைமுறைப் பொறுப்புகளைக் கழிக்கும் சூத்திரத்தின்படி, ஊதியப் பாக்கி கூடக்கூட நிறுவனத்துக்குத் தேவைப்படும் நிகர நடைமுறை மூலதனம் குறைந்துகொண்டே வரும். சூத்திரம் இங்கே பொய் சொல்லவில்லை. பசியில் இருப்பவரும் நிறுவனத்துக்கு நிதி அளிப்பவரே என்ற உண்மையை, யாரும் படிக்காத மொழியில் சொல்கிறது.

தரவு கிடைக்கவில்லை என்ற சாக்கும் இன்று செல்லாது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கொடுக்கவேண்டிய வணிகக் கடனைக் குறு, சிறு நிறுவனங்களுக்குரியது, பிறருக்குரியது எனப் பிரித்து, வயதுவாரியாகக் காட்டச் சொல்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, அவர்களுக்குக் கொடுபடாத அசலையும் வட்டியையும் ஆண்டுக் கணக்கில் தனியே காட்டப் பணிக்கிறது. 45 நாள் தாண்டிய பாக்கியைக் காரணத்தோடு அரையாண்டுக்கொருமுறை தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை 2019 முதல் இருக்கிறது. ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் இவை கிடக்கின்றன. விகிதம் கணக்கிடுவோர் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்த வயது அட்டவணையையும் உற்றுநோக்க வேண்டும். வரவேண்டிய கடனுக்கு முதல் கட்டம் 'ஆறு மாதத்துக்குக் குறைவு'. கொடுக்கவேண்டிய கடனுக்கு முதல் கட்டம் 'ஓராண்டுக்குக் குறைவு'. தனக்கு வரவேண்டியதை ஆறு மாதக் கண்ணாலும், தான் கொடுக்கவேண்டியதை ஓராண்டுக் கண்ணாலும் பார்க்கும் படிவம் இது. சட்டம் விதித்த எல்லையோ 45 நாள். உரிய நாளைக் கடந்து ஐம்பது நாளான பாக்கியும் முந்நூறு நாளான பாக்கியும் ஒரே கட்டத்தில் அருகருகே அமர்ந்திருக்கும். கழித்தல் குறி செய்யும் அதே வேலையை இங்கே கட்டம் போட்ட அட்டவணை செய்கிறது.

ஆகவே, இத்துறையில் இனி எழுதப்படும் ஆய்வேடுகளிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கப்பட வேண்டும். ரொக்க மாற்றுச் சுழற்சியை ஒற்றை எண்ணாகக் கொண்டு திறனை அளப்பதைக் கைவிடுக. அதன் மூன்று கூறுகளையும் தனித்தனியே ஆராய்க. கொடுக்கவேண்டிய கடனில் குறு, சிறு நிறுவனங்களின் பங்கைப் பிரித்துக் காட்டுக. பண்டங்களின் விலைச் சுழற்சியையும் அரசின் வரி அறிவிப்புகளையும் கணக்கில் கொள்ளாமல், இலாபத்துக்கும் நாட்களுக்கும் இடையே காரண காரியம் கற்பிக்காதிருக்க. மூன்றாவது கோரிக்கை எளியது: 'கொடுப்பதைத் தள்ளிப்போடுக' என்று பரிந்துரைக்கும் ஒவ்வோர் ஆய்வேடும், அடுத்த வரியிலேயே, அந்த நாட்களுக்கு வட்டி கட்டுபவர் யார், எவ்வளவு என்று எழுதுக.

2022-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, இந்தியாவின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு வரவேண்டி நிலுவையில் கிடக்கும் தொகையை 10.7 லட்சம் கோடி ரூபாய் என்றது. அது வாங்கியவர்களின் கணக்கேடுகளில் பொறுப்பாகப் பதிவாகி, சூத்திரத்தில் கழிக்கப்பட்டு, இலாபத்திறனாகப் போற்றப்படும் தொகை. அதைத் திரும்ப வாங்கித் தரும் ஆற்றல் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு இல்லை. அதற்குச் சரியான பெயரைச் சூட்டும் கடமையேனும் அதற்கு உண்டு.